உறைக்குள் ஒரு கவுன்: பேட்டர்ன் தாளின் ஏற்றமும் இறக்கமும்

2025 மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் ‘ஜோஆன்’ துணிக்கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. 1943-இல் ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்தில் ஒற்றைக் கடையாகத் தொடங்கி, கடைசிக் காலத்தில் ஏறத்தாழ 800 கிளைகள் வைத்திருந்த நிறுவனம் அது. கலைப்பு விற்பனையில் துணி, நூல், பொத்தான் எல்லாம் குறையக் குறைய மேசை, அலமாரி போன்ற தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் விலை வைத்தார்கள். கடையின் ஒரு பக்கத்தில் வரிசையாக நின்ற இழுப்பறை அலமாரிகளும் அந்தக் கணக்கில் போயின. அவற்றுக்குள் இருந்தவை காகித உறைகள். ஒவ்வோர் உறையிலும் ஒரு சட்டையோ பாவாடையோ கவுனோ, வெட்டத் தயாராகத் தாள் வடிவில் மடிந்து கிடக்கும்.

அந்த உறைகளில் அச்சாகியிருந்த நான்கு பெரிய பெயர்களான சிம்ப்ளிசிட்டி, மக்கால்ஸ், பட்டரிக், வோக் ஆகியவை அப்போது ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. ‘டிசைன் குரூப் அமெரிக்காஸ்’ என்ற அந்த நிறுவனமும் அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. விற்ற கடையும் சரக்கு கொடுத்த நிறுவனமும் ஒரே ஆண்டில் சாய்ந்தன.

இணையம் வந்தது, பேட்டர்ன் தாள் போனது என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கணினி இந்தத் தொழிலின் பக்கம் வருவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே அதன் வேர் அரிக்கத் தொடங்கிவிட்டது. பேட்டர்ன் தாள் பிறந்ததும் வளர்ந்ததும் துணிக்கடையின் மேசையில். அதை நலியவைத்ததும் அந்த மேசைதான்.

நம் ஊரில் இந்தச் சரக்கு அதிகம் புழங்கியதில்லை என்பதால் உறைக்குள் என்ன இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முன்பக்கத்தில் அந்த உடுப்பை அணிந்த பெண்ணின் வண்ணப்படம் இருக்கும். பின்பக்கத்தில் எந்த அளவுக்கு எத்தனை கெஜம் துணி, எத்தனை பொத்தான், எவ்வளவு நீள ஜிப் என்ற பட்டியல். உள்ளே மெல்லிய டிஷ்யூ தாளில் முன்பாகம், பின்பாகம், கை, காலர், பட்டி என்று ஒவ்வொரு துண்டும் முழு அளவில் அச்சாகியிருக்கும். டார்ட் எங்கே பிடிப்பது, துணியின் கரைக்கு இணையாகத் தாளை எப்படி வைப்பது, கையின் எந்தக் குறி ஆர்ம்ஹோலின் எந்தக் குறியோடு சேர வேண்டும் என்பவை எல்லாம் அதிலேயே இருக்கும். தையலுக்கு விடும் துணியும் சேர்த்தே கணக்கிட்டிருப்பார்கள். அமெரிக்க நிறுவனங்களின் வழக்கம் 5/8 அங்குலம். கூடவே படிப்படியான செய்முறைத் தாள் ஒன்று. துணியை விரித்து, தாளை மேலே குத்தி, ஓரமாக வெட்டித் தைக்க வேண்டியதுதான். அளவெடுத்து வரையத் தெரியாதவரும் ஒரு கவுனை முடித்துவிடலாம்.

வெட்டும் கணக்கு அதற்கு முன்பு தையற்காரரின் தொழில் ரகசியம். 1580-இல் மாட்ரிட்டில் ஹுவான் தெ அல்செகா வெளியிட்ட வெட்டுமுறை நூல் உடுப்பு வடிவங்களைச் சிறு படங்களாகக் காட்டியது. ஆனால் அது தொழில் தெரிந்தவருக்கான நூல். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெண்கள் பத்திரிகைகள் வெட்டுமாதிரிகளை இணைப்பாகக் கொடுக்க ஆரம்பித்தன. ஒரே பெரிய தாளில் பத்துப் பன்னிரண்டு உடுப்புகளின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும். வேண்டிய கோட்டைக் கண்டுபிடித்துப் பிரதி எடுத்து, அதைத் தன் உடம்புக்கு ஏற்ப வாசகியே பெருக்கிக் குறுக்கிக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் எலன் டெமொரஸ்ட் 1860-இல் தொடங்கிய பத்திரிகை வழியாக விற்ற மாதிரிகளுக்கு நல்ல பெயர் இருந்தது. அவர் தன் பட்டறையில் கறுப்பினப் பெண்களை மற்றவர்களுக்குச் சமமாக வேலைக்கு வைத்தார் என்பதும் அந்தக் காலத்துக்குச் சிறிய செய்தி அல்ல. ஆனால் அளவுச் சிக்கல் அவரிடமும் தீரவில்லை.

அதைத் தீர்த்தவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் இருந்த தையற்காரர் எபனேசர் பட்டரிக். மகனுக்குச் சட்டை தைக்க உட்கார்ந்த மனைவி எலன், கணவரிடம் அலுத்துக்கொண்டாராம். ஒரே மாதிரியைப் பல அளவுகளில் கொடுத்தால் எவ்வளவு சுலபம் என்று கேட்டாராம். இது அந்த நிறுவனமே பரப்பிய கதை. எவ்வளவு உண்மையோ, அது வேறு விஷயம். 1863-இல் பட்டரிக் அளவு வாரியான மாதிரிகளை விற்கத் தொடங்கினார் என்பது மட்டும் வரலாறு. முதலில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பெண்களுக்கும். கெட்டித் தாளை விட்டு டிஷ்யூவுக்கு மாறியதும் சரக்கு உறைக்குள் அடங்கியது, தபாலில் ஏறியது. ஸ்டெர்லிங்கிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த தொழில், 1876 வாக்கில் வட அமெரிக்காவில் ஆயிரம் முகவர்களை வைத்திருந்தது. லண்டன், பாரிஸ், பெர்லின், வியன்னாவிலும் கிளை வைத்தது. 1870-இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் மக்கால் போட்டிக்கு வந்தார். தவணையில் தையல் இயந்திரம் விற்ற சிங்கர் நிறுவனம் ஏற்கெனவே வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. இயந்திரம் வீட்டில் இருந்தது. எதைத் தைப்பது என்று சொல்ல உறை வந்து சேர்ந்தது.

விற்பனைக்குப் பத்திரிகை ஊதுகுழல் ஆனது. பட்டரிக் 1873-இல் தொடங்கிய ‘தி டெலினியேட்டர்’ அடிப்படையில் தன் மாதிரிகளுக்கான விளம்பர ஏடு. பிறகு பெரிய குடும்பப் பத்திரிகையாக வளர்ந்தது. ‘சிஸ்டர் கேரி’ நாவலால் கண்டனம் வாங்கிய தியோடர் டிரைசர் 1907 முதல் 1910 வரை அதற்கு ஆசிரியராக இருந்தார். ஒழுக்கக்கேடான நாவலாசிரியர் என்று பேரெடுத்த மனிதர் இல்லத்தரசிகளின் தையல் ஏட்டை நடத்திச் சம்பளம் வாங்கினார். இலக்கிய வரலாற்றில் இப்படி வேடிக்கைகள் நிறைய. வோக் பத்திரிகை 1899-இல் ஐம்பது சென்ட் அனுப்பினால் மாதிரி கிடைக்கும் என்று கூப்பன் அச்சிட்டது. அதுவே பின்னாளில் வோக் பேட்டர்ன் நிறுவனமாயிற்று.

ஆனால் தொழில் உண்மையில் எங்கே நடந்தது என்பதைக் காட்ட, பத்திரிகைகளைவிட ஒரு வழக்குக் கட்டு உதவும்.

பாஸ்டன் நகரத்தில் மக்ரேன்-ஹூஸ்டன் என்ற துணிக்கடை 1914-இல் ஸ்டாண்டர்டு ஃபேஷன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. எப்போதும் 1,000 டாலர் பெறுமான பேட்டர்ன் சரக்கைக் கடையில் வைத்திருக்க வேண்டும். உறையில் அச்சிட்ட விலைக்குத்தான் விற்க வேண்டும். காலாவதியானதைத் திருப்பிக் கொடுத்துப் புதியது மாற்றிக்கொள்ளலாம். வேறு நிறுவனத்தின் பேட்டர்ன் எதையும் கடைக்குள் விற்கக் கூடாது. கடை மனம் மாறி மக்கால்ஸ் உறைகளை விற்கத் தொடங்கியதும் கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1922-இல் கம்பெனி தோற்றது. தீர்ப்பில் வரும் ஒரு கணக்கு கவனிக்க வேண்டியது. நாடு முழுவதும் 52,000 பேட்டர்ன் முகவர் கடைகள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஸ்டாண்டர்டும் அதன் கூட்டு நிறுவனங்களும் கட்டுப்படுத்தியவை. ஒரே ஒரு துணிக்கடை உள்ள சிற்றூரில் அந்தக் கடையைக் கட்டிப்போட்டால் ஊரையே கட்டிப்போட்டதாகும் என்பது நீதிமன்றத்தின் கவலை.

52,000 கடைகள்! இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பின்னால் வந்த வீழ்ச்சியை அளக்க வேண்டும். டிஷ்யூ தாளின் விலை அற்பம். அச்சிடுவதும் கோடிக்கணக்கில் அச்சிட்டால் அற்பச் செலவே. ஆனால் ஒரு மாதிரிக்கு எட்டு அளவு, ஒரு பருவத்துக்கு நூற்றுக்கணக்கான மாதிரி என்று எல்லாவற்றையும் ஊர் ஊராக இழுப்பறையில் நிரப்பி வைத்து, விற்காததைத் திரும்ப வாங்கி அழித்து, புதியதை மாற்றித் தர வேண்டும். இந்தச் சுழற்சிதான் தொழிலின் உடம்பு. அது ஓட வேண்டுமானால் கடைகள் நிறைய வேண்டும். கடைக்கு வாடிக்கையாளர் வந்துகொண்டே இருக்க வேண்டும். கடைக்காரருக்கும் உறையில் பெரிய லாபம் இல்லை. உறை வாங்க வந்தவள் மூன்று கெஜம் துணியும் நூலும் லேஸும் வாங்கிப் போவாள் என்பதே அவர் கணக்கு.

தொழில்நுட்பம் இடையில் இரண்டு முறை பெரிய அடி எடுத்து வைத்தது. ஆரம்ப காலத் தாள்களில் எழுத்தே கிடையாது. டார்ட்டுக்கும் மடிப்புக்கும் ஓட்டைகள் குத்தியிருக்கும். பெரிய ஓட்டைக்கு ஓர் அர்த்தம், சிறியதற்கு வேறு. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டிப் பட்டரிக் ‘டெல்டர்’ என்ற பெயரில் படம் போட்ட செய்முறைத் தாளை உறைக்குள் சேர்த்தது. அதையொட்டி மக்கால்ஸ், தாளின் மேலேயே கோடும் குறியும் அச்சிடும் முறையைக் கொண்டுவந்து காப்புரிமையும் வாங்கியது. அந்த உரிமை காலாவதியாகும்வரை மற்றவர்கள் ஓட்டை குத்திக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகே எல்லோரும் அச்சுக்கு மாறினார்கள்.

1927-இல் ஜோசப் ஷாபிரோ தொடங்கிய சிம்ப்ளிசிட்டி 15 சென்ட்டுக்கு உறை விற்றது. அடுத்த இரண்டே ஆண்டில் பொருளாதாரப் பெருமந்தம். ஆயத்த ஆடை வாங்கக் காசில்லாத குடும்பங்களுக்கு அந்த விலை கட்டுப்படியானது. ஊல்வொர்த் கடையில் ‘டூ பாரி’, ஜே. சி. பென்னியில் ‘அட்வான்ஸ்’ என்று சங்கிலிக் கடைகளுக்கெனத் தனித்தனி மலிவு வரிசைகள் வந்தன. சினிமா நடிகைகளின் படம் போட்ட ‘ஹாலிவுட் பேட்டர்ன்’ உறைகள் 1932-இல் இறங்கின. போர்க் காலத்தில் அரசே தையலைத் தூக்கிப் பிடித்தது. பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்குப் பங்கீடு. அமெரிக்காவில் 1942-இல் வந்த எல்-85 ஆணை பாவாடையின் அகலத்துக்கும் நீளத்துக்கும் வரம்பு வைத்தது.

பொற்காலம் என்றால் 1950-களும் 60-களும்தான். 1952-இல் பட்டரிக் விற்ற ‘வாக்-அவே’ கவுனுக்குச் சொல்லப்பட்ட பெருமை, காலைச் சிற்றுண்டிக்குப் பின் தைக்க உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு அதை உடுத்திப் போகலாம் என்பது. ஜெர்மனியின் ஓஃபன்பர்க் நகரில் ஏன்னெ புர்டா 1950-இல் தொடங்கிய ‘புர்டா மோடன்’ இதழ் 1952 முதல் மாதிரித் தாள்களைச் சேர்த்துக் கொடுத்தது. அது பழைய பத்திரிகை முறை; கோடுகள் பின்னிப் பிணைந்து கிடக்கும், பிரதி எடுக்க வேண்டும், தையலுக்கு விடும் துணியைத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஓர் உறையின் விலைக்குள் பல உடுப்புகள். 1987-இல் சோவியத் நாட்டில் ரஷ்ய மொழியில் இதழ் வந்தது. கடையில் நல்ல உடுப்பு கிடைக்காத ஊரில் அதன் மதிப்பு என்னவாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லண்டன் இளைஞர் நாகரிகத்தின் முகமான மேரி குவான்ட் 1964-இல் பட்டரிக்குக்கு மாதிரிகள் வரைந்தார். பாரிஸ் வடிவமைப்பாளர்களின் உடுப்புகளை வோக் ஏற்கெனவே உறையில் அடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. பணக்காரிக்கு மட்டுமே கிடைத்த வெட்டு, அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணுக்கும் சில டாலரில் கிடைத்தது. இந்தத் தொழிலின் பெரிய சாதனை என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

குறையும் உண்டு. அளவுதான் பெரிய குறை. 1939-40-இல் அமெரிக்க வேளாண்துறை ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் ஐம்பதுக்கு மேற்பட்ட அளவுகளாக, அளந்து 1941-இல் அறிக்கை வெளியிட்டது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் முடிவுகளுக்கு எடுத்துக்கொண்டது வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே. அந்த அடித்தளத்தில் எழுந்த அளவுத் திட்டங்கள் பலருடைய உடம்புக்குப் பொருந்தாமல் போனதில் வியப்பில்லை. பேட்டர்ன் நிறுவனங்கள் கடைசியாகத் தங்கள் அளவு அட்டவணையைச் சேர்ந்து திருத்தியது 1960-களின் பிற்பகுதியில். ஆயத்த ஆடைக்காரர்களோ வாடிக்கையாளரைக் குளிர்விக்க எண்களைக் குறைத்துக்கொண்டே போனார்கள். கடையில் எட்டாம் எண் உடுத்தும் பெண் உறையில் பதினான்கு எடுக்க வேண்டியிருந்தது. எட்டை எடுத்துத் தைத்தவள் பட்டன் போட முடியாமல் துணியை மூலையில் எறிந்தாள். முதல் முயற்சியிலேயே மனம் விட்டவர்கள் எத்தனை பேரோ. பெரிய மார்புள்ளவர்கள் ஒவ்வொரு தாளையும் வெட்டி, விரித்து, ஒட்டித் திருத்த வேண்டும். மாதிரிகள் ‘பி’ கப் அளவுக்கே வரையப்பட்டவை. வெளியே வந்து யோசித்தால், ஐம்பது ஆண்டுக் காலம் வாடிக்கையாளரின் இந்தப் புகாரைக் கேட்டும் கேட்காமல் இருந்தது நிறுவனங்களின் சொந்தப் பிழை. இதை இணையத்தின் தலையில் போட முடியாது.

1970-களில் சரிவு தொடங்கியது. காரணங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வந்தன. அமெரிக்காவில் 1950-இல் வேலைக்குப் போன பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. நூற்றாண்டு முடியும்போது அறுபது சதவீதம். பகலில் தைக்க ஆளில்லை. 1917-ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் அரசுப் பணத்தில் வளர்த்த மனையியல் வகுப்புகள் மெல்ல மெலிந்தன. தையல் இயந்திரத்தைத் தொடாமலே பெண்கள் பள்ளியை முடித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக விலை தலைகீழானது. ஹாங்காங், தைவான், தென் கொரியா, பிறகு சீனா, வங்கதேசம் என்று தையல் வேலை கடல் கடந்தது. ஏழை நாடுகளின் ஆடை இறக்குமதிக்கு வரம்பு வைக்க 1974-இல் வந்த பல்லிழை ஒப்பந்தத்தின் கட்டுப்பாடுகள் 2005 ஜனவரியோடு முடிந்தன. அதன் பிறகு தைத்த சட்டை, அதற்கான துணியைவிட மலிவு. காசு மிச்சம் பிடிக்கத் தைத்தவர்கள், தைத்தால் காசு கூடுதலாகும் என்று கண்டதும் நிறுத்திவிட்டார்கள். அதில் தவறென்ன?

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுத் தையல் முற்றாக அழிந்துவிடவில்லை. தேவைக்குத் தைப்பவர் குறைந்து, விருப்பத்துக்குத் தைப்பவர் மிஞ்சினார்கள். விருப்பத்துக்குத் தைப்பவர் ஆண்டுக்கு இருபது உறை வாங்க மாட்டார். துணிப் பிரிவைப் பெரிய பலசரக்கு அங்காடிகள் ஒவ்வொன்றாக மூடின. ஊல்வொர்த் 1997-இல் அமெரிக்கக் கடைகளை மூடியது. மிசிசிப்பியின் டூபலோவில் 1957-இல் பிறந்த ஹான்காக் துணிக்கடைச் சங்கிலி 2016-இல் போனது. 52,000 மேசைகளில் மிச்சம் இருந்தவை சொற்பம். அவற்றில் கணிசமான பகுதி ஒரே ஒரு சங்கிலியிடம், ஜோஆனிடம்.

நிறுவனங்களும் ஒன்றை ஒன்று விழுங்கின. 1961-இலேயே பட்டரிக், வோக் பேட்டர்ன் தொழிலை வாங்கியிருந்தது. 2001-இல் அந்த இரண்டையும் மக்கால்ஸ் வாங்கியது. 2016-இல் மக்கால்ஸைப் பரிசுத்தாள், ரிப்பன் விற்கும் சிஎஸ்எஸ் நிறுவனம் வாங்கி, மறு ஆண்டே சிம்ப்ளிசிட்டியையும் சேர்த்துக்கொண்டது. 2020-இல் சிஎஸ்எஸ்ஸை பிரிட்டனின் ஐஜி டிசைன் குழுமம் வாங்கியது. 2025-இல் அக்குழுமம் தன் அமெரிக்கக் கிளையை விற்றுக் கைகழுவியது. பல தலைமுறைப் போட்டியாளர்கள் கடைசியில் ஒரே கூரையின் கீழ் வந்து, பரிசுப் பொட்டலத் தாளுக்கு அருகில் ஒரு சரக்காக உட்கார்ந்தார்கள்.

விலையும் விசித்திரமானது. உறையில் இருபது டாலருக்கு மேல் அச்சிட்டிருப்பார்கள். வார இறுதித் தள்ளுபடியில் ஜோஆன் அதையே இரண்டு டாலருக்கும் குறைவாகக் கொடுக்கும். அச்சிட்ட விலைக்கு யாரும் வாங்கவில்லை; தள்ளுபடிக்காகக் காத்திருந்து பத்து உறைகளை அள்ளிக்கொண்டு போவார்கள். துணி விற்க உறை தூண்டில் என்ற பழைய கணக்கின் முற்றிய வடிவம் இது. தூண்டில் போட்டவர் போனதும், இரண்டு டாலருக்குப் பழகிய வாடிக்கையாளரிடம் யார் போய் இருபது டாலர் கேட்பது?

இந்த இடத்தில்தான் கணினிக் கோப்பு வருகிறது. 2000-களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் தனியாள் நடத்தும் சிறு பேட்டர்ன் நிறுவனங்கள் முளைத்தன. போர்ட்லாந்தில் கொலெட், சிகாகோவில் கிரெயின்லைன், மாண்ட்ரியலில் குளோசெட் கோர், பாரிஸில் டியர் அண்ட் டோ, லண்டனில் டில்லி அண்ட் தி பட்டன்ஸ். இவர்களால் ஆயிரம் கடைகளில் இழுப்பறை நிரப்ப முடியாது. பிடிஎஃப் கோப்பை விற்றால் சரக்குக் கிடங்கு வேண்டாம், திரும்ப வாங்க வேண்டாம், தபால் வேண்டாம். 2013-இல் பிபிசி தொடங்கிய தையல் போட்டி நிகழ்ச்சி புதிய கூட்டத்தைக் கொண்டுவந்தது. 2020-இல் கொரோனா முகக்கவசம் தைக்கப் பரணில் கிடந்த இயந்திரங்கள் இறங்கின. சிறு நிறுவனங்கள் பெரியவர்கள் ஐம்பதாண்டு செய்யாததைச் செய்தன. அளவு எண்களை முப்பதுக்கு மேலும் நீட்டின. கப் அளவு வாரியாக முன்பாகத்தைத் தனித்தனியே வரைந்து கொடுத்தன. புதிதாகத் தைப்பவருக்குப் புரியும்படி ஒவ்வொரு படிக்கும் ஒளிப்படம் போட்டன. ஆகவே கோப்பு வந்து தாளைக் கொன்றது என்பதைவிட, தாள் விட்டுப்போன இடத்தில் கோப்பு வந்து உட்கார்ந்தது என்பதே பொருந்தும்.

ஆனால் கோப்பைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறைத்துப் பேசுகிறார்கள். அச்சகம் செய்த வேலை இப்போது வாங்குபவர் தலையில். ஒரு கவுனுக்கு முப்பது, நாற்பது ஏ4 தாள் அச்சிட வேண்டும். முதல் பக்கத்தில் உள்ள சோதனைச் சதுரத்தை அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். அச்சுப்பொறி ஓரிரு சதவீதம் சுருக்கிவிட்டாலும் இடுப்பில் இடிக்கும். பிறகு ஓரம் வெட்டி, வரிசைப்படுத்தி, டேப் ஒட்டித் தரை முழுக்கப் பரப்ப வேண்டும். தைக்க ஆசைப்பட்டவர் முதல் மாலையை ஒட்டு வேலையிலேயே கழிப்பார். பிரதி எடுக்கும் கடையில் ஏ0 தாளில் அச்சிட்டால் காசு அதிகம். வசதியுள்ளவர்கள் கூரையில் புரொஜெக்டர் மாட்டி, வெட்டும் மேசைமீது கோடுகளை விழவைத்து அப்படியே வெட்டுகிறார்கள். அருமையான யுக்திதான், ஆனால் அச்சுப்பொறியே இல்லாத வயதான பெண்ணுக்கும், கைச்செலவுப் பணத்தில் முதல் பாவாடை தைக்கப் போகும் பள்ளி மாணவிக்கும் அது எட்டாது. கடையில் இரண்டு டாலரைக் கொடுத்து உறையை எடுத்துக்கொண்டு போய் அன்றிரவே வெட்ட உட்கார முடிந்தது அவர்களால்தான். இழப்பு அவர்களுக்கு.

டிஷ்யூ தாளுக்கு மாற்றாகச் சிறு நிறுவனங்கள் சில கெட்டி வெள்ளைத் தாளில் அச்சிட்டு அழகிய உறையில் விற்கின்றன. நன்றாகத்தான் இருக்கின்றன, பல முறை வெட்டிப் பயன்படுத்தலாம். ஆனால் மெல்லிய டிஷ்யூவில் மீட்டர் கணக்கில் கிழியாமல் ஓட்டி அச்சிடும் இயந்திரங்கள் உலகில் சில இடங்களில்தான் உண்டு. மக்கால்ஸ் பல பத்தாண்டுகளாகக் கான்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் ஊரில் அச்சிட்டு வந்தது. பெரும் அளவில் ஓடினால்தான் அவை கட்டுப்படியாகும்; சிறு அளவு ஆணைகளால் அவற்றைக் காப்பாற்ற முடியாது. அச்சிட்ட பேட்டர்ன் இனி பரிசுப் பொருள் போன்ற விலையுயர்ந்த சரக்காக மட்டுமே நீடிக்கும் என்பது என் கணிப்பு. எல்லாருக்குமான மலிவு உறை திரும்பாது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வேறு கதை. இங்கே தெருவுக்கு ஒரு டெய்லர் இருந்தார். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தால் போதும். அவர் சுண்ணக்கட்டியால் நேரே துணியில் கோடு போடுவார். தாளைப் பயன்படுத்தியது தையல் வகுப்புதான். அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் லோயர், ஹையர் தையல் படித்தவர்கள் பிரவுன் பேப்பரில் வரைந்து வெட்டி, சிறிய அளவில் ரெக்கார்டு நோட்டில் ஒட்டியிருப்பார்கள். அதாவது மேலைநாட்டில் வரையத் தெரியாதவருக்குத் தாள் வந்தது. இங்கே வரையக் கற்றவரே தாளைத் தானே செய்தார். இப்போது தையற்கூலி ஏறி, சொன்ன நாளில் ஜாக்கெட் கிடைக்காத நிலையில், 28 முதல் 44 வரை அளவு வாரியாக வெட்டிய பிளவுஸ் பேட்டர்ன் செட்டுகள் இணையக் கடைகளில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அங்கே அந்தி, இங்கே ஏதோ புலர்கிறது என்று குதிக்க வேண்டாம். ஒரே தோள், ஒரே கைக்குழி எல்லோருக்கும் ஒத்துவராது என்ற அதே பழைய சிக்கல் இந்தச் செட்டுகளுக்கும் காத்திருக்கிறது.

பழைய உறைகளைக் காப்பாற்றும் முயற்சியையும் சொல்ல வேண்டும். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் வணிகப் பேட்டர்ன் ஆவணக் காப்பகம் ஒன்று உள்ளது. நாடக உடை வடிவமைப்பு கற்பித்த ஜாய் ஸ்பனாபெல் எமரி அதை வளர்த்தெடுத்தார். பேட்டர்ன் தொழிலின் முழு வரலாற்றை அவர் 2014-இல் நூலாகவும் எழுதினார். அரண்மனைச் சீமாட்டிகளின் பட்டாடைகளை அருங்காட்சியகங்கள் காக்கின்றன. சாதாரணப் பெண் செவ்வாய்க்கிழமை என்ன உடுத்தினாள் என்று தெரிய வேண்டுமானால் இந்த உறைகளைத்தான் பார்க்க வேண்டும். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடை தைப்பவர்கள் அங்கே போவது அதனால்தான். பல உறைகளில் ஆண்டே அச்சாகியிருக்காது. மாதிரி எண்ணையும் பத்திரிகை விளம்பரத்தையும் ஒப்பிட்டே காலம் கணிக்கிறார்கள்.

இங்கே அப்படிக் காப்பதற்கு உறைகள் இல்லை. ரெக்கார்டு நோட்டுகள் உண்டு. பிரவுன் பேப்பரில் வெட்டி ஒட்டிய பாவாடை, சட்டை, ஜாக்கெட், ஃபிராக், பக்கத்தில் அளவு வாய்பாடு, ஆசிரியையின் சிவப்பு மைத் திருத்தம் என்று 1960-கள், 70-களின் தமிழ்நாட்டு உடை அந்த நோட்டுகளில் அளவோடு பதிந்திருக்கிறது. பாட்டியோ அத்தையோ படித்த நோட்டு பரணில் இருந்தால் எடைக்குப் போட வேண்டாம். மேலட்டையில் பெயர், ஊர், படித்த ஆண்டு மூன்றையும் எழுதி, அருகில் உள்ள கல்லூரியின் ஆடை வடிவமைப்புத் துறைக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.